குளத்தில் பாதி உயரம் தண்ணீர் என்றால் பாதித் தண்ணீரா?

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “தரம் 10 பிள்ளைகளுக்குச் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிரச்சினை மையக் கற்றலைச் செய்து பாருங்கள் என்று செயலமர்வில் சொன்னார்கள். 40 நிமிடப் பாடவேளையில், 34 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தையும் முடித்து இதை எப்படிச் செய்வது? இதனால் பிள்ளைகள் உண்மையிலேயே சிந்திக்கத் தொடங்குவார்களா?”

தொடங்குவார்கள். வன்னியில் இருபது வருடத்துக்கு மேல் கணிதம் கற்பித்து, பிறகு ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் எந்தப் பிரச்சினையைக் கொடுத்தாலும் அது நடந்துவிடாது. பிள்ளையின் முதல் ஊகம் நியாயமான காரணத்தோடு பிழையாகிப் போகும் பிரச்சினையாக அது இருக்க வேண்டும். என் அனுபவத்தில் எல்லாம் அந்தத் தெரிவில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாடத்தின் முடிவில் நான்கு வசனக் கணக்குக் கொடுப்பதைப் பலர் பிரச்சினை மையக் கற்றல் என்று நினைக்கிறார்கள். கூம்பின் கனவளவு என்று தலைப்பு எழுதி, சூத்திரம் எழுதி, இரண்டு உதாரணம் செய்து காட்டிய பிறகு, “கூம்பு வடிவான நெற்குவியல் ஒன்று…” என்று தொடங்கும் கணக்கில் பிள்ளை எதைச் சிந்திக்க வேண்டும்? எந்தச் சூத்திரம் என்பதைத் தலைப்பே சொல்லிவிட்டது. வசனத்துக்குள் கிடக்கும் எண்களைப் பொறுக்கி எடுத்துப் பிரதியிடுவது மட்டும்தான் மிச்சம். உங்கள் பிள்ளைகள் கேள்வி மாறியதும் பேனாவை வைப்பதற்குக் காரணம் இதுதான். எது தேவை என்று தீர்மானிக்கும் வேலையை அவர்கள் ஒருநாளும் செய்ததில்லை. அதை எப்போதும் நாங்கள் செய்து கொடுத்துவிட்டோம்.

பிரச்சினை மையக் கற்றலில் வரிசை தலைகீழாகிறது. பிரச்சினை முதலில் வரும். அதைத் தீர்க்கப் போதிய கணிதம் கையில் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரிய வரும். கணிதம் அந்தத் தேவைக்குப் பின்னால் வரும். இந்த முறை கணித வகுப்பில் பிறந்ததல்ல. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பீடம் 1969இல் தன் முதல் மாணவர் தொகுதியைச் சேர்த்தபோது, வருடக்கணக்கில் விரிவுரை கேட்டுவிட்டு நோயாளியிடம் போகும் பழைய வழியை விட்டு, நோயாளியின் பிரச்சினையை முன்வைத்தே கற்கத் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் இது மற்றத் துறைகளுக்குப் பரவியது. நோயாளி எந்த அத்தியாயத்திலிருந்து வந்திருக்கிறார் என்று நெற்றியில் எழுதியிருப்பதில்லை. வாழ்க்கையில் எதிர்ப்படும் கணக்கும் அப்படித்தான்.

இனி, நான் பல தடவை நடத்திய பாடம் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன்.

வன்னிப் பிள்ளைக்குக் குளத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இரணைமடு 36 அடியைத் தொட்டால் நிறைந்துவிட்டது என்று கிளிநொச்சியில் ஐந்தாம் தரப் பிள்ளையும் சொல்லும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று எந்தக் குளத்தின் கீழ் இருந்தாலும், சித்திரை நெருங்கும்போது வீட்டில் பேசப்படுவது ஒன்றே: இந்தமுறை சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விடுவார்கள்? குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். ஒரு வருடம் பங்கு கூடும், மறு வருடம் குறையும். அந்தத் தீர்மானத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று பிள்ளைகள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கரும்பலகையில் இதை மட்டும் எழுதினேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. “ஒரு குளம் 12 அடியில் நிறையும். நிறைந்தால் 960 ஏக்கர்-அடி தண்ணீர் கொள்ளும். சித்திரை மாதத்தில் 6 அடி தண்ணீர் இருக்கிறது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு 4 ஏக்கர்-அடி தண்ணீர் வேண்டும். எத்தனை ஏக்கர் விதைக்கச் சொல்வீர்கள்?”

ஏக்கர்-அடி என்றால் என்ன என்ற கேள்வி முதலில் வந்தது. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அதாவது 43,560 கன அடி என்று சொன்னேன். அந்த ஒன்றை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு நிமிடத்தில் எல்லாக் குழுவும் 120 ஏக்கர் என்று முடித்துவிட்டது. 12 அடியில் 6 அடி பாதி. 960இல் பாதி 480. அதை நாலால் வகுத்தால் 120. கணித்தலில் ஒரு பிழையும் இல்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. “சரி, கூட்டத்தில் எழுந்து 120 ஏக்கர் விதையுங்கள் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எல்லாரும் விதைத்தும் விட்டார்கள். நெல் குடலைப் பருவத்தில், கதிர் வெளிவரும் முன், நிற்கும்போது குளம் வற்றிவிட்டது. உங்களில் யார் கமக்காரர்களுக்குப் பதில் சொல்வது?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

இந்த அமைதிதான் ஆசிரியருக்கு மிகக் கடினமான இடம். வாய் திறந்து ஒரு குறிப்புச் சொல்லிவிடலாம் என்று மனம் துடிக்கும். ஆரம்ப வருடங்களில் நான் ஒவ்வொரு முறையும் அதற்குத் தோற்றேன். மூன்றாவது நிமிடத்திலேயே “குளத்தின் வடிவத்தை யோசியுங்கள்” என்று சொல்லிவிடுவேன். அந்த வசனத்தோடு பிரச்சினை இறந்துவிடும், ஏனென்றால் குளத்தின் வடிவத்தை யோசிக்க வேண்டும் என்பதுதான் கண்டுபிடிப்பே. மிச்சம் எல்லாம் கணித்தல். பிறகு என்னை நானே கட்டுப்படுத்தப் பழகினேன். பின் வாங்கிலில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அன்றைக்கு ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள்: “சேர், கோடையில் குளத்துக்கு நடுவில்தான் தண்ணீர் நிற்கும். ஓரம் எல்லாம் மாடு மேயும்.” அவள் சொன்னது கணிதம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் பக்கத்துக் குழுவிலிருந்த பையன் பிடித்துக்கொண்டான்: அப்படியென்றால் கீழ் 6 அடியும் மேல் 6 அடியும் ஒரே அளவு தண்ணீர் கொள்ளாது.

அடுத்த பாடவேளைக்கு ஒரு தாச்சியும் தேநீர்க் கோப்பையும் கொண்டு போனேன். நிரப்ப 16 கோப்பை பிடித்தது. பாதி உயரத்துக்கு எத்தனை என்று ஊகிக்கச் சொன்னேன். ஏழு என்றார்கள், ஆறு என்றார்கள். ஊற்றிப் பார்த்தபோது நாலரைக்கும் சற்றுக் குறைவு. இரண்டாவது முறை ஊற்றச் சொன்னார்கள், நான் பிழையாக அளந்துவிட்டேன் என்ற சந்தேகத்தில். பிறகு மட்டையில் கூம்பு செய்து மணல் நிரப்பிப் பார்த்தார்கள். பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருந்தது.

இந்த இடத்தில்தான் கரும்பலகைக்கு எழுந்து போனேன். கூம்பைப் பாதி உயரத்தில் வெட்டினால் கிடைக்கும் சிறு கூம்பு, பெரிய கூம்புக்கு இயல்பொத்தது. உயரமும் ஆரையும் இரண்டுமே பாதியாகின்றன. கனவளவில் ஆரை இரண்டு தடவை வருகிறது, உயரம் ஒரு தடவை. பாதியின் பாதியின் பாதி, எட்டில் ஒன்று. முழுப் பத்து நிமிடம் ஒழுங்காக, பழைய முறையில், விளங்கப்படுத்தினேன். அந்தப் பத்து நிமிடமும் எவரும் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

பிறகு விடைகள் பிரிந்தன. குளம் கூம்பு மாதிரி என்றால் 120 ஏக்கர்-அடி, ஆகவே 30 ஏக்கர். நீளமான தாழ்வு நிலத்தை மறித்துக் கட்டிய வாய்க்கால் வடிவக் குளம் என்றால், அகலமும் ஆழமும் மட்டும் பாதியாகும். நாலில் ஒரு பங்கு, ஆகவே 60 ஏக்கர். பெட்டி மாதிரி என்றால் மட்டும்தான் 120. ஒரே தரவில் மூன்று விடை. எது சரி? “எந்தக் குளம் என்று தெரியாமல் சொல்ல முடியாது” என்று ஒரு குழு எழுதியது. அந்த வசனத்துக்கு நான் முழுப் புள்ளி கொடுத்தேன். தன் விடை எந்த எடுகோளின் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதைக் கணிதச் சிந்தனையின் பெரிய பகுதியாகவே நான் கருதுகிறேன்.

பாடம் அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வாய்க்கால் வேலை செய்பவர் ஒருவரின் மகன் விடவில்லை. “அந்த 6 அடி எங்கே இருந்து அளக்கிறது, சேர்? துருசடியில், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகடியில், நிற்கும் அளவுகோலில் பூச்சியம் துருசின் அடிமட்டத்தில்தான் இருக்கும். அதற்குக் கீழேயும் தண்ணீர் கிடக்கும். அது வாய்க்காலுக்கு வராது.” பையன் சொன்னது முற்றிலும் சரி. கூம்பின் முனை துருசுக்கு 3 அடி கீழே இருப்பதாக வைத்தால், நிறையும்போது உண்மை ஆழம் 15 அடி, இப்போது 9 அடி. கூம்பின் கனவளவு ஆழத்தின் கனத்துக்கு ஏற்ப மாறும்; 15, 9, 3 ஆகியவற்றின் கனங்கள் முறையே 3375, 729, 27. துருசுக்குக் கீழே கிடக்கும் 27ஐ இரண்டிலும் கழித்தால், பயன்படக்கூடிய தண்ணீரின் பங்கு 3348இல் 702, ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். 201 ஏக்கர்-அடி, 50 ஏக்கர். அடிக்கண்டம் (முனை வெட்டிய கூம்பு), இயல்பொத்த உருக்கள், விகிதம் எல்லாம் ஒரே கேள்விக்குள் வந்து நின்றன. அந்தப் பையன் தவணைப் பரீட்சையில் நாற்பதைத் தாண்டியவன் அல்ல.

உண்மைக் குளங்களுக்கு அடிக்கு அடி எவ்வளவு தண்ணீர் என்ற அட்டவணை நீர்ப்பாசனப் பொறியியலாளர்களிடம் இருக்கும். கேட்டு வாங்கி வரைபு கீறச் சொல்லுங்கள். கோடு நேராக ஏறாமல் வளைந்து ஏறுவதைப் பிள்ளை தன் கையால் கீறிக் காண்பது நல்லது. நேர்விகிதசமன் அல்லாத ஒன்றை அதற்குப் பிறகு மறக்க மாட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்திவிடலாமே என்று நினைக்காதீர்கள். இந்த முறைக்கு எதிரான வாதமும் வலுவானது. 2006இல் கேர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் ஆகிய மூவரும், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிய மாணவருக்கு ஏன் பலிக்காது என்று கடுமையாக எழுதினார்கள். மனிதனின் செயற்படு நினைவகம், அதாவது யோசிக்கும்போது மனதில் பிடித்து வைத்திருக்கும் இடம், சிறியது. அடிப்படை தெரியாத பிள்ளையிடம் பெரிய பிரச்சினையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், அந்த நினைவகம் தேடுவதிலேயே நிரம்பிவிடும், கற்பதற்கு இடம் இராது என்பது அவர்கள் வாதம். நல்ல பிரச்சினை மையக் கற்றல் வழிகாட்டல் இல்லாத கற்றல் அல்ல, அது ஆசிரியரின் தாங்குதலோடு நடப்பது என்று மறு வருடமே வேறு ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். முதலில் முயன்று தோற்க விட்டு, உடனே ஒழுங்காகக் கற்பித்தால் விளக்கம் ஆழமாகிறது என்று சிங்கப்பூர்ப் பாடசாலைகளில் ஆய்வு செய்த மனு கபூர் காட்டினார். அதைப் பயனுள்ள தோல்வி என்கிறார்கள்.

நான் இரண்டு பக்கத்தையும் ஏற்கிறேன். முயற்சி முதலில், விளக்கம் பிறகு, பயிற்சி அதற்கும் பிறகு. மூன்றில் ஒன்றை விட்டாலும் கட்டடம் சரியும். எங்கள் நாட்டில் 2007இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டத்தோடு, செயற்பாட்டில் தொடங்கி விளக்கத்துக்குப் போகும் ஐந்து படிகள் கொண்ட 5ஈ (5E) முறை வந்தபோது, பல வகுப்பறைகளில் செயற்பாடு மட்டும் நடந்து விளக்கம் நடக்காமல் போனதை நான் பின் வாங்கிலில் இருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மட்டை வெட்டினார்கள், ஒட்டினார்கள், மணி அடித்தது. எதைக் கற்றோம் என்று கேட்டால் பதில் இல்லை. வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு வாய்பாடும் வேண்டும். ஏழெட்டு எத்தனை என்று விரல் மடிப்பவனுக்குக் குளத்தைப் பற்றிச் சிந்திக்க மூளையில் இடம் இருக்காது. தினமும் ஐந்து நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு பிரச்சினை போதும். அடுத்தடுத்து இரண்டு பாடவேளை கணிதம் வரும் நாளைப் பிடியுங்கள். கூம்பும் இயல்பொத்த உருக்களும் தனித்தனியாக எடுத்தால் எத்தனை பாடவேளை போகும் என்று எண்ணிப் பாருங்கள். குளப் பாடம் மூன்று எடுத்தது. சாதாரண தரத்தின் இரண்டாம் வினாத்தாளில் 12 வினாவில் 10 செய்ய வேண்டும், எந்த வினாவிலும் எந்த அத்தியாயம் என்று எழுதியிராது. கடந்தகால வினாத்தாள்களை மட்டும் அரைத்துக் குடித்த பிள்ளை அங்கே தடுமாறுவதை வருடா வருடம் பார்க்கிறோம்.

முப்பத்து நான்கு பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள், இரண்டு குழுவில் ஐந்து பேர் வருவார்கள். கெட்டிக்காரர்களை ஒரே குழுவில் சேர்க்காதீர்கள், ஒவ்வொரு குழுவிலும் ஒருவராகத் தூவியும் வைக்காதீர்கள். அப்படித் தூவினால் அவர் செய்வார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். சீட்டுக் குலுக்குங்கள். விளக்கம் சொல்ல யாரை எழுப்புவீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். குழுவில் எவரையும் எழுப்பலாம் என்று தெரிந்தால், தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தே தீருவான். குழுக்களிடம் போகும்போது மூன்று கேள்விக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இது எப்படித் தெரியும்? எது மாறினால் உங்கள் விடை மாறும்? விடை பிழையானால் அங்கே என்ன நடக்கும்?

பிரச்சினையை ஊரிலிருந்து எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு கற்றேன். தரம் 11இல் குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிப்பது வருகிறது. எங்கள் கிராமங்களில் நுண்கடன் வாங்காத வீடு அரிது. அதனால் வீட்டிலிருக்கும் கடன் அட்டையைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கட்டவேண்டிய தவணைகள் பலவற்றைத் தாய் தவறவிட்டிருந்தார். அது சக மாணவிகளின் கண்ணில் படுவதை அந்தப் பிள்ளையால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து நானே எண்களைச் செய்துகொள்கிறேன்: 60,000 ரூபாய் கடன், மாதம் 2 சதவீதம் முழுத் தொகைக்கும் வட்டி, 12 மாதம் 6,200 ரூபாய் கட்ட வேண்டும். வருடத்துக்கு 24 சதவீதம் என்று எல்லாரும் சொல்வார்கள். முதலாம் தவணையோடு கடன் தொகை குறையத் தொடங்குவதைக் கணக்கில் எடுத்தால் மாத அலகுகள் 12இலிருந்து 1 வரை கூட்டி 78, உண்மை வட்டி 44 சதவீதத்தைத் தாண்டும். பிள்ளைகள் அந்தக் கணக்கைத் தாங்களாகவே வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அட்டை வகுப்புக்கு வரத் தேவையில்லை. நிலம், போர், காணாமற்போனவர்கள் என்ற பக்கமும் போகாதீர்கள். அந்தப் பாரத்தோடு ஒரு பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திராது.

நீங்கள் குளத்தில் தொடங்க வேண்டாம், அது பெரிய பாடம். சதவீதம் படிப்பிக்கும்போது நெல்லில் தொடங்குங்கள். காலபோக அறுவடை முடிந்து வீதியோரம் எல்லாம் நெல் காயும் தை, மாசியில் கொடுங்கள். கேள்வி இது: “20 சதவீத ஈரப்பதனோடு 1000 கிலோ நெல் இருக்கிறது. 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? காய்ந்த நெல் கிலோ 100 ரூபாய் என்றால், வியாபாரி ஈர நெல்லுக்கு எவ்வளவுக்குக் குறைவாகத் தந்தால் நீங்கள் விற்க மாட்டீர்கள்?”

எல்லாரும் 940 கிலோ என்பார்கள், இருபதில் ஆறு குறைந்தது என்று. விடுங்கள். சற்றுப் பொறுத்து, வெயிலில் போகாமல் நிற்பது எது என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் 200 கிலோ, மற்றது 800 கிலோ. அந்த 800 கிலோ எங்கும் போகாது. ஆனால் காய்ந்த பிறகு அது நூற்றில் 80 அல்ல, 86. எண்ணூறை 0.86ஆல் வகுத்தால் 930 கிலோவுக்குச் சற்று மேல். குறைவது 60 அல்ல, 70 கிலோ. ஆகவே ஈர நெல் கிலோ 93 ரூபாய்க்குக் கீழே போனால் காய வைப்பதுதான் ஆதாயம். உடனே யாராவது ஒரு பிள்ளை எழுந்து, காய வைக்கக் கூலி வேண்டாமா, இடையில் மழை வந்தால் என்ன செய்வது, மூடைக்கு இத்தனை கிலோ என்று வியாபாரி கழிப்பதை எங்கே சேர்ப்பது என்று கேட்கும். அதற்கு நீங்கள் விடை ஆயத்தம் செய்துகொண்டு போக வேண்டாம். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, கேட்ட பிள்ளையின் குழுவிடமே கொடுத்துவிடுங்கள்.

முதலில் 940 என்று சொன்ன பிள்ளையை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் அவரையே முன்னுக்கு அழைத்து, ஏன் 940 என்று தோன்றியது, எங்கே வழி மாறியது என்று வகுப்புக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லி முடித்ததும், அடுத்த குழு தங்கள் கூலிக் கணக்கோடு காத்திருக்கும்.